ஆறாம் நாள் வேறு, தொண்ணூறாம் நாள் வேறு

அக்ரிமென்ட் போட்டு ஆறே நாளில் ஒருவர் உங்கள் வாசலில் வந்து நிற்கிறார். "மன்னிச்சுக்குங்க சார், இப்ப வீடு வாங்குற நிலைமை இல்லை" என்கிறார். அவர் கொடுத்த ஐந்து லட்சம் அட்வான்ஸ் உங்கள் பாங்க் கணக்கில் பத்திரமாக இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

நம் ஊரில் இதற்கு ரெடிமேட் பதில் ஒன்று உண்டு. "அட்வான்ஸ் போனது போனதுதான்!" வீட்டுக்காரர் சொல்வார். புரோக்கர் சொல்வார். பத்திர எழுத்தர் சொல்வார். சம்பந்தமே இல்லாத பக்கத்து வீட்டு மாமா, யாரும் கேட்காமலேயே சொல்வார். ஏதோ ராஜராஜ சோழன் கல்வெட்டில் வெட்டி வைத்துவிட்டுப் போனது மாதிரி.

சொல்லிவிடுகிறேன். இது நியாயம் இல்லை. முழுசாகச் சட்டமும் இல்லை. வெறும் பழக்கம். அதுவும், மாட்டிக்கொண்டவனின் சட்டைப்பையில் கைவிடுகிற பழக்கம்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. இரண்டு பேருக்கும் மாதச் சம்பளம். தாம்பரத்துக்குத் தெற்கே பத்து வருஷப் பழைய ஃப்ளாட் ஒன்றைப் பார்த்தார்கள். அறுபது லட்சத்துக்குப் பேசி முடித்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம் வைத்த தட்டில் ஐந்து லட்சத்துக்குச் செக். ரிஜிஸ்டர் ஆபீஸில் அக்ரிமென்ட். மூன்று மாதத்தில் கிரயம் என்று ஷரத்து. ஐந்தாம் நாள் அந்தப் பெண்ணின் அப்பாவுக்குப் பக்கவாதம். அவர் சொந்தத் தொழில் செய்தவர், இன்ஷூரன்ஸ் எதுவும் கிடையாது. வீட்டுக்காகச் சேர்த்து வைத்த பணம் ஆஸ்பத்திரிக்குப் போக ஆரம்பித்தது. ஆறாம் நாள் வீட்டுக்காரருக்கு போன் செய்து நிலைமையைச் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. பிரதோஷம் தவறாதவர். "அப்பாவுக்கு நல்லாயிடும், நானும் வேண்டிக்கறேன்" என்றார். அப்புறம், "ஆனா அஞ்சாவது ஷரத்தைப் படிச்சுப் பாருங்கம்மா" என்றார். வேண்டுதல் இலவசம், அட்வான்ஸ் அவருக்கு.

இவர்கள் பயந்துபோய், ஒரு பைசா வாங்காமல், அவர் நீட்டிய ரத்துப் பத்திரத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். (அந்தக் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.) நாலு மாதம் கழித்து அதே ஃப்ளாட் அறுபத்திரண்டு லட்சத்துக்குப் போனது. அதாவது அவர்கள் பின்வாங்கியதால் வீட்டுக்காரருக்கு ஆன 'நஷ்டம்', ஐந்தும் இரண்டும் ஏழு லட்சம் லாபம்!

சட்டம் என்ன சொல்கிறது? 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவு, ஒப்பந்தத்தில் ஒரு தொகையை அபராதமாக எழுதி வைத்திருந்தாலும், கிடைக்கக்கூடியது நியாயமான இழப்பீடு மட்டும்தான் என்கிறது. எழுதி வைத்த தொகை மேல் வரம்பு. அதற்கு மேல் கேட்க முடியாது, அவ்வளவுதான். அதையே முழுசாக எடுத்துக்கொள்ளும் உரிமை தானாக வந்துவிடாது.

டெல்லி பங்களா ஒன்றைப் பற்றிய பழைய வழக்கு இருக்கிறது. 1949-ல் போட்ட ஒப்பந்தம். விலை 1,12,500 ரூபாய். வாங்குபவர் முதலில் 1,000 ரூபாய் முன்பணம் கொடுத்தார். பிறகு 24,000. கிரயம் நடக்கவில்லை. விற்பவர், 'மொத்தம் 25,000-மும் எனக்கே' என்றார். 1963-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது: முன்பணம் 1,000 ரூபாயை வைத்துக்கொள். மிச்சம் 24,000-ஐ, உனக்கு என்ன நஷ்டம் என்று காட்டாமல் விழுங்க முடியாது. ஃபதே சந்த் வழக்கு என்று வக்கீல்கள் இன்றைக்கும் மேற்கோள் காட்டுவது இதைத்தான்.

எதிர்ப்பக்கத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். 2012-ல் சதீஷ் பத்ரா வழக்கில், 70 லட்ச ரூபாய் வீட்டுக்கு உறுதிப்பணமாகக் கொடுத்த 7 லட்சத்தை விற்பவர் வைத்துக்கொண்டது சரி என்றது இதே சுப்ரீம் கோர்ட். 2025 மே மாதம் இன்னொரு வழக்கு. 55.5 லட்ச ரூபாய் சொத்துக்கு 20 லட்சம் முன்பணம். அதுவும் போனது போனதுதான் என்று தீர்ப்பு. உறுதிப்பணம் என்று தெளிவாக எழுதியிருந்தால் விற்பவர் கை ஓங்கும். வெறும் விலையில் ஒரு பகுதி என்றால் ஓங்காது. இதுதான் இன்றைய நிலை.

ஆனால் கவனியுங்கள். இந்த வழக்குகளில் தோற்றவர்கள் யார்? தவணை முடிகிற வரை மீதிப் பணத்தைக் கட்டாதவர்கள். ஆறாம் நாள் வந்து உண்மையைச் சொன்னவர்கள் இல்லை. நம் ஊர் அக்ரிமென்ட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. ஆறாம் நாள் பின்வாங்கினாலும் ஐந்து லட்சம், தொண்ணூறாம் நாள் காணாமல் போனாலும் ஐந்து லட்சம். அப்படியென்றால் சீக்கிரம் வந்து சொல்வதில் வாங்குபவருக்கு என்ன லாபம்? கடைசி நாள் வரை போனை எடுக்காமல் இழுத்தடிப்பதுதான் புத்திசாலித்தனம் என்று நாமே கற்றுக்கொடுக்கிறோம்.

தொண்ணூறாம் நாள் என்பது வேறு கதை. மதுரையில் ஓர் அம்மா. கணவர் போன பிறகு பெரிய வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுப் பக்கத்தில் சின்ன வீடு வாங்க நினைத்தார். இந்த வீட்டுக்கு வாங்கிய அட்வான்ஸை அந்த வீட்டுக்குக் கொடுத்தார். வாங்க வந்த ஆசாமி மூன்று மாதமும் "அடுத்த வாரம் மேடம், லோன் வந்துடும் மேடம்" என்றே ஓட்டிவிட்டு, கடைசியில் வேண்டாம் என்றார். அந்த அம்மா கொடுத்த அட்வான்ஸ் அங்கே போய்விட்டது. இவர் வாங்கிய அட்வான்ஸை வைத்துக்கொள்வதில் என்ன தப்பு? ஒரு தப்பும் இல்லை. போதுமா என்பதுதான் கேள்வி.

மூன்று வீட்டுக்கு டோக்கன் கொடுத்து வைத்துவிட்டு, எது சல்லிசோ அதை எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அக்ரிமென்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்றாவது ஆளுக்கு விலை ஏற்றிக் கைமாற்றப் பார்க்கிற ரியல் எஸ்டேட் சூரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை.

விற்பவர்களும் உத்தமர்கள் இல்லை. அக்ரிமென்ட் போட்ட பிறகு மூன்று லட்சம் கூடக் கொடுக்க ஒருவர் வந்தால், "பையன் அமெரிக்காவிலேருந்து விக்க வேணாங்கறான்" என்று அட்வான்ஸை அப்படியே திருப்பி நீட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு ரூபாய் கூடுதலாக வராது. வாங்குபவர் கோர்ட்டுக்குப் போய் 'எழுதிக் கொடு' என்று கேட்கலாம். 2018-ல் சட்டத்தைத் திருத்தி அந்த உரிமையை இன்னும் பலப்படுத்தினார்கள். ஆனால் குடியிருக்க வீடு தேடுகிறவன் வழக்குப் போட்டு எத்தனை வருஷம் வாடகை வீட்டில் காத்திருப்பான்?

சரி, நியாயம் தர்மம் எல்லாம் வேண்டாம். விற்பவரின் சுயநலத்தையே பேசுவோம்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து விற்பனை அக்ரிமென்ட்டைப் பதிவு செய்வது கட்டாயம். பதிந்துவிட்டால் அது வில்லங்கச் சான்றில் ஏறும். அடுத்து வீடு பார்க்க வருகிறவர் ஈ.சி. போட்டுப் பார்த்ததும் முதல் கேள்வி, "இந்த அக்ரிமென்ட் என்னாச்சு?" அவருடைய பாங்க் வக்கீல், ரத்துப் பத்திரம் இல்லாமல் லோன் தரச் சம்மதிப்பாரா? ரத்துப் பத்திரத்துக்கு இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். ஐந்து லட்சத்தைப் பறிகொடுத்தவர் உங்களுக்கு எதற்காக வந்து கையெழுத்துப் போடுவார்? கிரயத்துக்குக் குறித்த நாளிலிருந்து மூன்று வருஷம் வரை அவர் வழக்குப் போடலாம். ஜெயிக்கிறாரோ தோற்கிறாரோ, வழக்கு நடக்கிற வீட்டை எவன் வாங்குவான்? தாம்பரம் தம்பதியின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று இப்போது புரிகிறதா? அந்த ஃப்ளாட்டின் சாவியே அதுதான். சும்மா கொடுத்துவிட்டு வந்தார்கள்.

இன்னொன்று. பறிமுதல் செய்த அட்வான்ஸ் உங்களுக்கு வருமானம். 2014 ஏப்ரலுக்குப் பிறகு வாங்கிய அட்வான்ஸ் எதுவாக இருந்தாலும், வீடு விற்காமல் போய் அதை நீங்கள் வைத்துக்கொண்டால், அந்த வருஷக் கணக்கில் காட்டி வருமான வரி கட்ட வேண்டும். எத்தனை பேர் கட்டியிருப்பார்கள் என்று கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. ரொக்கமாக வாங்கியிருந்தால் இன்னும் கூத்து. வீடு, நிலம் விற்பதற்கு 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவே கூடாது என்பது 2015 ஜூனிலிருந்து சட்டம். மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம். ஆனாலும் 'பாதி செக், பாதி கையில்' என்கிற வியாபாரம் நின்றபாடில்லை. கையில் கொடுத்த பாதிக்கு ரசீது கிடையாது. பின்வாங்கும்போது "எந்த ரெண்டு லட்சம்?" என்று கேட்டுவிடுகிறார்கள்.

பில்டரிடம் புது ஃப்ளாட் வாங்குகிறவர்களுக்காவது ரெரா சட்டம் இருக்கிறது. ஒப்பந்தம் பதியாமல் பத்து சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 2025 பிப்ரவரியில் ஒரு பெரிய பில்டரின் வழக்கில், 20 சதவீதம் பிடிப்போம் என்று எழுதி வைத்திருந்த ஷரத்தை ஒருதலைப்பட்சம் என்றது சுப்ரீம் கோர்ட். பத்து சதவீதம்தான் நியாயம் என்று நிறுத்தியது. பழைய வீடு வாங்குகிறவர்களுக்கு இந்தக் குடை கிடையாது. அவர்களுக்குப் பத்திர எழுத்தரின் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய ஃபைல்தான் சட்டம். பெயரும் விஸ்தீரணமும் மட்டும் மாறும்.

வெளியூரில் என்ன செய்கிறார்கள்? பிரான்ஸில் வீடு வாங்கக் கையெழுத்துப் போட்டவருக்குப் பத்து நாள் அவகாசம். காரணம் சொல்லாமல் பின்வாங்கலாம், ஒரு காசு பிடிக்க முடியாது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் ஐந்து வேலை நாள், பிடித்தம் விலையில் 0.25 சதவீதம். நம் அறுபது லட்ச ஃப்ளாட்டுக்குக் கணக்குப் போட்டால் பதினைந்தாயிரம் ரூபாய். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 2023 ஜனவரியிலிருந்து மூன்று வேலை நாள், அங்கேயும் 0.25 சதவீதம்தான். சிங்கப்பூரில் தனியார் வீடு என்றால் வழக்கமாக ஒரு சதவீதம் கொடுத்து இரண்டு வாரத்துக்கு வீட்டைப் பிடித்து வைக்கலாம். வேண்டாமென்றால் அந்த ஒரு சதவீதம் போய்விடும். நம் கணக்கில் அறுபதாயிரம். வலிக்கும், ஆனால் குடும்பம் தெருவுக்கு வராது.

"அப்படியெல்லாம் விட்டா, எவன் வேணா அக்ரிமென்ட் போட்டுட்டு ஓடுவான் சார்" என்கிறார் எனக்குத் தெரிந்த ஒரு புரோக்கர். (அட்வான்ஸ் அன்றைக்கே தன் கமிஷனில் பாதியை வாங்கிக்கொள்கிற புரோக்கர். வியாபாரம் முறிந்தால் அதை அவர் திருப்பித் தந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.) ஓடட்டுமே. முதல் பத்து நாளுக்குள் ஓடினால் யாருக்கு என்ன நஷ்டம்? மூலப் பத்திரம் கை மாறவில்லை. வீட்டைக் காலி செய்யவில்லை. பார்க்க வந்து கேட்டுவிட்டுப் போன மற்ற இரண்டு பேரின் நம்பர் இன்னும் போனில் இருக்கிறது. பத்து நாள் விளம்பரம் நின்றதற்கும் அலைச்சலுக்கும் ஒரு தொகை பிடித்துக்கொள்ளுங்கள். வேண்டாம் என்று யார் சொன்னது?

அக்ரிமென்ட்டில் எழுத வேண்டியது இவ்வளவுதான். பத்து நாளுக்குள் யார் பின்வாங்கினாலும், வாங்குபவரோ விற்பவரோ, விலையில் கால் சதவீதமும் எதிராளி ரசீது காட்டும் செலவும் தர வேண்டும். பத்து நாள் தாண்டினால் பிடித்தம் படிப்படியாக ஏறலாம். கடைசி மாதத்தில் முழு உறுதிப்பணமும் போகலாம். ரத்துப் பத்திரமும் திருப்பித் தரும் பணமும் ஒரே நாளில், ஒரே சார்பதிவாளர் அலுவலகத்தில் கை மாற வேண்டும். பதிவுத் துறை தன் இணையதளத்தில் மாதிரிப் பத்திரங்கள் வைத்திருக்கிறது. அதில் இந்த நாலு வரியைச் சேர்க்க சட்டசபை கூட வேண்டாம், கமிட்டி வேண்டாம். ஓர் அதிகாரி மனசு வைத்தால் போதும்.

அதுவரை, அக்ரிமென்ட் போடப் போகிறவர்கள் நீங்களே கேட்டு எழுதுங்கள். பத்திர எழுத்தர், "அப்படியெல்லாம் வழக்கம் இல்லீங்களே" என்பார். புரோக்கர், "நல்ல காரியம் பேசும்போது முறியறதைப் பத்திப் பேசாதீங்க, அபசகுனம்" என்பார். அந்த அஞ்சாவது ஷரத்தை எழுதும்போது மட்டும் ஏன் அபசகுனம் பார்க்கவில்லை என்று அவரைக் கேளுங்கள்.