மூடுபனிக்குள் ஒரு வரிசை

தரவரிசைகள் மீது எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. சிறந்த பத்து நாவல்கள், சிறந்த நூறு சிறுகதைகள் என்று யார் தொகுத்தாலும் விடுபட்டவை எவை என்றுதான் முதலில் தேடுவேன். ஆயினும் 'சைலண்ட் ஹில்' ஆட்டங்களைப் பொறுத்தவரை என் மனத்துக்குள் ஒரு வரிசை நெடுநாளாக இருந்துவருகிறது. அதன் இரண்டாம் இடத்தின் பொருட்டு நண்பர்களிடம் போதிய அளவு ஏச்சும் வாங்கியாயிற்று. அதற்கான நியாயத்தை ஒரு முறையேனும் எழுத்தில் வைத்துவிடலாம் என்று தோன்றியது. கதை முடிவுகளைச் சொல்லப்போகிறேன். ஆட எண்ணியிருப்போர் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அறியாதவர்களுக்குச் சில வரிகள். ஜப்பானின் கொனாமி நிறுவனம் 1999இல் ப்ளேஸ்டேஷனுக்காக வெளியிட்ட திகில் ஆட்டம் 'சைலண்ட் ஹில்'. ஏரிக்கரையில் அமைந்த ஓர் அமெரிக்கச் சிற்றூர், எந்நேரமும் மூடுபனி, அவ்வப்போது அபாயச் சங்கு ஒலிக்க, ஊர் முழுவதும் துருவும் இரத்தமும் படிந்த வேறோர் உலகமாக உரிந்து மாறும். 2004 வரை வந்த முதல் நான்கு ஆட்டங்களையும் 'டீம் சைலண்ட்' என்று அறியப்பட்ட கொனாமியின் உள்குழுவே உருவாக்கியது. பின்னர் பிரிட்டன், அமெரிக்கா, செக் குடியரசு, போலந்து என்று வெவ்வேறு நாட்டுக் குழுக்களிடம் இவ்வூர் கைமாறியது.

இவற்றை எதைக்கொண்டு அளப்பது? பயத்தைக்கொண்டு அளக்க எனக்கு விருப்பமில்லை. இரண்டாம் முறை ஆடும்போது பயம் பாதியாகிவிடும். ஆடுபவரை ஓர் ஆட்டம் எந்த அளவுக்குப் பொறுப்பாளியாக்குகிறது என்பதே என் அளவுகோல். நாவலில் ஒருவன் தவறு செய்யும்போது நாம் சாட்சிகள். இங்கே கதவைத் திறப்பது நம் விரல்.

முதலிடம் 'சைலண்ட் ஹில் 2' (2001). இதில் வியப்பேதும் இல்லை. ரசிகர்களில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்வர். மூன்றாண்டுகளுக்கு முன் நோயில் இறந்த மனைவி மேரியிடமிருந்து ஜேம்ஸ் சண்டர்லாண்டுக்குக் கடிதம் வருகிறது. நம்முடைய சிறப்பான இடத்தில் காத்திருக்கிறேன், வா என்கிறது கடிதம். அவன் வருகிறான். நோயுற்றிருந்த அவளைத் தலையணையால் அழுத்திக் கொன்றது தானே என்பதை அவ்வூர் அவனுக்கு மெல்ல மெல்ல நினைவூட்டுகிறது. அவனுடைய பையிலுள்ள கடிதத்தை நடுநடுவே எடுத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள்: அதன் எழுத்துகள் மறைந்து வெற்றுத்தாளாகிவிடும், இறுதியில் தாளும் இராது. இதை ஆட்டம் எங்கும் சுட்டிக்காட்டுவதில்லை.

முதல் முறை நான் ஆடி முடித்தபோது ஜேம்ஸ் ஏரியில் மூழ்கி இறந்தான். வேறு முடிவுகளும் உண்டு என்பது அப்போது எனக்குத் தெரியாது. காரணம் பிற்பாடுதான் விளங்கியது. ஏஞ்சலா என்னும் பெண் ஒரு கத்தியை அவனிடம் ஒப்படைக்கிறாள். தன்னிடம் இருந்தால் என்ன செய்துகொள்வேனோ என்று அவளுக்கு அச்சம். அக்கத்தியை ஆயுதமாகப் பயன்படுத்த இயலாது. ஆனால் எடுத்துப் பார்க்கலாம். நான் பார்த்தேன், பலமுறை. புதிருக்கான தடயம் ஏதும் இருக்குமோ என்ற எண்ணம்தான். அத்தோடு, மருந்துகளைச் சேமிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு காயங்களோடேயே அவனை நடக்கவைத்தேன். ஆட்டம் இரண்டையும் ஓசையின்றிக் குறித்துக்கொண்டு, இவனுக்கு வாழ விருப்பமில்லை என்று முடிவுகட்டிவிட்டது. சிக்கனம் என்று நான் எண்ணியது அங்கே வேறு பெயரில் பதிவாகியிருந்தது. ஒரு படைப்பு நான் அறியாமல் என்னை வாசித்திருக்கிறது என்ற உணர்வை எந்த நூலும் எனக்குத் தந்ததில்லை. அன்றிரவு சற்று வெட்கமாகவும் இருந்தது.

போலந்தின் ப்ளூபர் டீம் 2024இல் செய்த மறுஆக்கத்தை ஐயத்தோடுதான் தொடங்கினேன். ஐயம் பெரும்பாலும் பொய்த்தது. ஆனாலும் சண்டைகள் மிகுந்து, பயணம் நீண்டுவிட்டது. பழைய ஆட்டத்தில் பாத்திரங்கள் பேசும் விதத்தில் ஒரு பிசகு இருக்கும்; எதிரில் நிற்பவர் சொன்னதற்கு அன்றி, வேறு யாரோ சொன்னதற்குப் பதில் சொல்வதுபோல. மறுஆக்கத்தில் நடிப்பு தேர்ந்திருக்கிறது. அந்தக் கனவுத்தன்மை குறைந்திருக்கிறது. எனவே அதற்குத் தனி இடம் தரவில்லை.

இரண்டாம் இடம், ஏச்சுக்குரிய இடம், 'சைலண்ட் ஹில் 4: தி ரூம்' (2004). இரண்டாம் பாதியில் முன்பு சென்ற இடங்களுக்கே மறுபடியும் அனுப்புகிறது, கொல்லவே இயலாத ஆவிகளை ஏவிவிடுகிறது, பத்துப் பொருள்களுக்கு மேல் சுமக்கவிடாமல் படுத்துகிறது என்பவை குற்றச்சாட்டுகள். எல்லாம் உண்மை. ஆனால் அந்த அறை! ஹென்றி டவுன்ஷெண்டின் 302ஆம் எண் அடுக்ககம் உட்புறமிருந்து சங்கிலிகளால் பூட்டப்பட்டிருக்கிறது. கதவின் கண்துளை வழியே அண்டை வீட்டாரைப் பார்க்கலாம். அவன் கத்தினால் அவர்களுக்குக் கேட்காது. குளியலறைச் சுவரில் தோன்றும் ஓட்டைதான் ஒரே வெளிவாசல். முதல் பாதியில் அறைக்குத் திரும்பினால் காயங்கள் ஆறும். ஓட்டைக்கு அப்பால் நடப்பவற்றிலிருந்து தப்பி வந்து, அந்த நான்கு சுவர்களைக் கண்டதும் நமக்கு மூச்சு சீராகும். பாதிக்குப் பிறகு ஒரு நாள் காயம் ஆறாது. பின்னர் சுவர்களில், சன்னல்களில், குழாயில் ஏதேதோ தோன்றத் தொடங்கும். வீடு கைவிட்டுவிடும்.

குழந்தையாக அதே அறையில் பெற்றோரால் கைவிடப்பட்ட வால்டர் சல்லிவன் அறையையே தன் தாயாக நம்பிக் கொலைகள் புரிகிறான். நாமும் அரை ஆட்டம் முழுவதும் அந்த அறையைத் தாய்போல நாடித்தானே வந்தோம்? கொலைகாரனுடைய ஏக்கத்தை நமக்கே பழக்கப்படுத்திய பிறகுதான் அதைப் பறிக்கிறார்கள். பக்கத்துவீட்டு ஐலீனை எவ்வளவு காயமின்றி அழைத்துவந்தோம், அறையின் ஆவிகளை எந்த அளவுக்கு அகற்றினோம் என்பவை முடிவைத் தீர்மானிக்கின்றன. குறைகள் இத்தனை இருந்தும் இதை இரண்டாவதாக வைப்பதற்கு எனக்கு இதுவே போதும்.

முதல் ஆட்டத்துக்கு மூன்றாம் இடம். கெய்சிரோ டொயாமா இயக்கம், அகிரா யமாவோக்கா இசை. ப்ளேஸ்டேஷனால் தொலைவிலுள்ளவற்றை வரைந்துகாட்ட இயலாத குறையை மறைக்க மூடுபனியும் இருளும் உதவின என்பது பலரும் அறிந்த செய்தி. வறுமையிலிருந்து பிறந்த அழகு. 2012இல் இரண்டாம், மூன்றாம் ஆட்டங்களைத் துல்லியமாக்குகிறோம் என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார்கள். பனி மெலிந்து, ஏரி நீர் சட்டென்று வெட்டுப்பட்டு முடிவது தெரிந்தது. இலக்கிய வாசகர்களுக்கு ஒரு துணுக்கு: முதல் ஆட்டத்தின் தெருக்களுக்கு பிராட்பரி, பிளாக், மாத்திசன், லெவின், ஃபின்னி என்று எழுத்தாளர்களின் பெயர்கள், ஸ்டீஃபன் கிங்கின் புனைபெயரான பாக்மனுக்கும் ஒரு சாலை உண்டு.

நான்காவது 'சைலண்ட் ஹில் 3' (2003). முதல் ஆட்டத்தில் மகளைத் தேடி நாம் ஓடவைத்த ஹாரி மேசனை இதில் அவன் வீட்டு நாற்காலியில் பிணமாகக் காண்கிறோம். மகள் ஹெதர் கொன்ற உருவங்களைப் பற்றி, அவை உனக்கு அரக்கர்களாகவா தெரிந்தன என்று வின்சென்ட் கேட்டுவிட்டு, உடனே வேடிக்கைக்குச் சொன்னேன் என்பான். அந்த வேடிக்கை என்னைப் பல நாள் விடவில்லை. மற்றபடி, முன்கதையை அதிகம் நம்பி நிற்கும் ஆட்டம்.

ஐந்தாம் இடத்துக்கு இருவர் போட்டி. 'ஷாட்டர்ட் மெமரீஸ்' (2009) மனநல மருத்துவரின் கேள்விகளுக்கு நாம் தரும் பதில்களைக்கொண்டு தன்னை மாற்றிக்கொள்கிறது. நல்ல யோசனை, ஆனால் உங்களைக் கவனிக்கிறேன் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுவதால் நாம் விழிப்பாகிவிடுகிறோம். கவனிக்கப்படுவது தெரிந்தபின் யார்தான் கத்தியை எடுத்துப் பார்ப்பார்கள்? 'சைலண்ட் ஹில் எஃப்' (2025) அமெரிக்க ஊரை விட்டு 1960களின் ஜப்பானுக்குச் செல்கிறது. ரியூகிஷி07 எழுதிய கதை. திருமணம் என்பது ஹினாகோ என்னும் பள்ளி மாணவிக்கு எத்தகைய அச்சம் என்பதைச் சொல்கிறது. இன்றைக்கு எஃப் என்பேன். அடுத்த முறை கேட்டால் மாறலாம்.

'ஆரிஜின்ஸ்' (2007), 'ஹோம்கமிங்' (2008), 'டவுன்போர்' (2012) ஆகியவற்றை வரிசைப்படுத்தும் ஆர்வம் எனக்கில்லை. ஹோம்கமிங் மீது மட்டும் தனிக் கோபம் உண்டு. இரண்டாம் ஆட்டத்தின் பிரமிட் ஹெட், தன்னைத் தண்டிக்க ஒருவன் வேண்டும் என்ற ஜேம்ஸின் தேவையிலிருந்து பிறந்தவன். அத்தேவை தீர்ந்ததும் ஈட்டியால் தன்னையே மாய்த்துக்கொள்கிறான். அவனை 2006இல் திரைப்படத்துக்கும், பின்னர் ஹோம்கமிங்குக்கும் இழுத்துவந்து வெறும் பூச்சாண்டியாக்கினார்கள். ஜேம்ஸின் குற்றம் இல்லாத இடத்தில் அவனுக்கு என்ன வேலை?

'பி.டி.'யை எங்கே வைப்பாய் என்று கேட்பார்கள். ஹிடியோ கொஜிமாவும் கியர்மோ டெல் டோரோவும் உருவாக்கவிருந்த ஆட்டத்தின் முன்னோட்டமாக 2014 ஆகஸ்டில் ப்ளேஸ்டேஷன் 4இல் இலவசமாக வந்தது. ஒரு வீட்டின் வளைந்த நடைகூடம். அதன் கோடியிலுள்ள கதவைத் திறந்தால் மறுபடியும் அதே நடைகூடம். அவ்வளவுதான், ஆனால் நடுங்கினேன். 2015இல் மூல ஆட்டம் கைவிடப்பட்டு, முன்னோட்டமும் இணையக் கடையிலிருந்து நீக்கப்பட்டது. அழித்தவர்கள் அங்கிருந்து மீண்டும் இறக்கிக்கொள்ள வழியில்லை. வட்டில் இடம் போதவில்லை என்று நான் அழித்துவிட்டேன்.