நோன்பு என்ன குற்றம் செய்தது?

அண்மைக்காலமாக எம்மவர் மத்தியில் ஒரு திருத்தல் நோய் பரவி வருகிறது. நோன்பு என்று சொல்லக் கூடாதாம், ஸவ்ம் என்றுதான் சொல்ல வேண்டுமாம். தொழுகை மாற்று மதத்தவரின் சொல்லாம், ஸலாத் என்பதே சரியாம். பெருநாள் போய் ஈத் வந்துவிட்டது. கம்பளையிலிருந்து நாவலப்பிட்டிக்கு வரும் வழியில் சுவர்களில் ஒட்டப்பட்டிருக்கும் ரமழான் கால அறிவித்தல்களைப் பாருங்கள். 'நோன்பு திறப்பு' என்று அச்சிட ஆளில்லை, எல்லாம் இப்தார்தான்.

அரபுச் சொல்லைச் சொல்வது பிழையென்று வாதிட நான் வரவில்லை. அல்குர்ஆனின் மொழியை நேசிப்பவர் அதன் சொற்களைத் தன் நாவில் வைத்திருக்க ஆசைப்படுவது இயல்பு. எமது முன்னோரும் அதைச் செய்தார்கள். ஆனால், உம்மும்மாவின் வாயிலிருந்து வந்த சொல்லைப் பேரப்பிள்ளை பிழையென்று திருத்துவதும், அவள் வெட்கப்பட்டு வாயை மூடிக்கொள்வதும் மார்க்கப்பற்றுமல்ல, மொழிப்பற்றுமல்ல. திருத்துகிறவர்களுக்கு அரபு தெரியுமா என்பதே என் முதற் சந்தேகம்.

ஏனென்றால் தெரிந்திருந்தால் 'நோன்பு திறத்தல்' என்ற தொடரின் முன் சற்று நின்றிருப்பார்கள். இப்தார் என்ற சொல் ஃப-த-ர என்ற மூலத்திலிருந்து வருவது. பிளத்தல், பிளந்து திறத்தல் என்பது அதன் ஆதிக் கருத்து. வானம் பிளப்பதைப் பேசும் 82ஆவது அத்தியாயத்திற்கு அல்-இன்பிதார் என்று பெயர் வந்ததும் இதே மூலத்தால்தான். ஆங்கிலத்தில் நோன்பை 'உடைக்கிறார்கள்', பள்ளிக்கூடத் தமிழில் 'முடிக்கிறார்கள்'. எங்கள் வீடுகளில் மட்டும் நோன்பைத் 'திறக்கிறார்கள்'. அரபு மூலத்துக்கு இவ்வளவு நெருக்கமாக நிற்கும் ஒரு தமிழ்த் தொடரைத் தூக்கியெறிந்துவிட்டு அரபுக்குத் தொண்டு செய்ததாக நினைப்பது விசித்திரமே. நோன்பு என்ற சொல்லோ 'நோல்' என்னும் வினையடியில் பிறந்தது. பொறுத்தல், தாங்குதல் என்று பொருள். ரமழானையும் ஸப்ரையும் சேர்த்துப் பேசாத பயானை நான் கேட்டதில்லை. அந்த ஸப்ர் முழுவதும் நோன்பு என்ற சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது.

'மாற்று மதத்தவர் பாவித்த சொல்' என்பது அடுத்த குற்றச்சாட்டு. உண்மைதான். சமணரும் சைவரும் நோன்பு நோற்றார்கள். தொழுதல் என்ற வினை குறளின் முதல் அதிகாரத்திலேயே வருகிறது. அதனால் என்ன? அரபுத் தீபகற்பத்துக்கு வடக்கே ஸுர்யானி பேசிய கிறிஸ்தவர்கள் தமது தொழுகையை ஸ்லோதா என்றும் நோன்பை ஸவ்மா என்றும் அழைத்தார்கள், இஸ்லாத்துக்கு முன்பே. ஹஜ் என்ற சொல்லுக்கு ஹீப்ருவில் உடன்பிறப்பு உண்டு. அரபுக் கிறிஸ்தவர்கள் இன்றும் இறைவனை அல்லாஹ் என்றே அழைக்கிறார்கள். பிறர் வாயில் பட்டதெல்லாம் ஆகாதென்றால் ஸவ்மும் ஸலாத்தும் எப்படித் தப்பும்?

இந்த விவாதம் புதியதுமல்ல. அல்குர்ஆனில் பிறமொழிச் சொற்கள் உண்டா என்று எமது இமாம்களே நூற்றாண்டுக் கணக்காகப் பேசியிருக்கிறார்கள். நாம் பின்பற்றும் மத்ஹபின் இமாம் ஷாபிஈ, அல்-ரிஸாலாவில் இல்லையென்று வாதிட்டார். 12ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த ஜவாலீக்கி, அரபுக்குள் வந்து சேர்ந்த அந்நியச் சொற்களுக்கென்றே ஓர் அகராதி செய்தார். 1505இல் கெய்ரோவில் மறைந்த இமாம் ஸுயூத்தி, அல்குர்ஆனில் அவ்வாறு கருதப்பட்ட சொற்களைத் தனி நூலாகவே தொகுத்தார், நூற்றுக்கும் மேல். பாரசீகம், ஹபஷி, ஸுர்யானி, ஹீப்ரு என்று ஒவ்வொன்றின் ஊரையும் தேடிச் சென்றார். அவர் அதை இழிவாக நினைக்கவில்லை. ஒரு சொல்லின் ஊரைத் தெரிந்துகொள்வதில் ஓர் ஆலிமுக்கு இருந்த மகிழ்ச்சியை அந்தத் தொகுப்பில் காணலாம்.

அந்தப் பட்டியலில் ஸன்ஜபீல் இருக்கிறது. 76ஆவது அத்தியாயத்தில் சுவர்க்கவாசிகளின் பானத்தில் கலந்திருப்பதாக வரும் இஞ்சி அது. பழைய அறிஞர்கள் அதைப் பாரசீகம் என்றார்கள். பிற்கால மொழியியலாளர்கள் இன்னும் பின்னோக்கிப் போனார்கள்: பாரசீகத்துக்கும் ஸுர்யானிக்கும் முன் பாளியின் ஸிங்கிவேர, அதற்கும் முன் திராவிட மொழிகளின் இஞ்சியும் வேரும். மலைச்சாரலில் விளைந்த ஒரு கிழங்கின் பெயர் பல துறைமுகங்கள் ஏறி இறங்கி வேதத்தினுள் போய் அமர்ந்திருக்கிறது. நாவலப்பிட்டிப் புகையிரத நிலையத்துக்கு எதிரே இஞ்சிப் பிளேன்டீ குடித்துக்கொண்டே, தமிழ்ச் சொல்லுக்கு இஸ்லாத்தில் இடமில்லை என்று சொல்கிறவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோப்பையைக் கீழே வைத்துவிடுவார்.

பள்ளி என்ற சொல்லை எடுங்கள். சமணத் துறவிகளின் இருப்பிடமாக இருந்தது, பிள்ளைகள் படிக்கும் இடமானது, நாம் வாசல் சேர்த்துப் பள்ளிவாசல் ஆக்கினோம். மலையாளத்தில் பள்ளி என்றால் மசூதியும் தேவாலயமும். சிங்களத்தில் பல்லிய என்பதும் அப்படியே. எங்கள் ஊரில் சிங்கள முச்சக்கரவண்டிச் சாரதியிடம் 'பல்லிய' என்றால் எந்தப் பல்லிய என்று கேட்பார். அதற்குமேல் மொழிபெயர்ப்புத் தேவையில்லை. மஸ்ஜித் என்று சொல்லிப் பாருங்கள், விளக்க வேண்டியிருக்கும்.

இந்த வழக்கில் எதிர்த்தரப்பும் சுத்தமில்லை. தூய தமிழ் நண்பர்களைச் சொல்கிறேன். எம்மவர் கதையில் 'மௌத்தாகிவிட்டார்' என்று வந்தால் முகம் சுளிப்பார்கள். அவர்களே கதிரையில் இருந்து, அலுமாரியைத் திறந்து, லாச்சியில் கைவிட்டுக் காகிதம் எடுத்து, பாக்கியை வசூலித்து, அசலைப் பார்த்து, வாரிசுக்கு எழுதி, பழைய உறுதியை ரத்துச் செய்வார்கள். முதல் இரண்டும் போர்த்துக்கேயம், மூன்றாவது ஒல்லாந்தம், பின்னைய ஐந்தும் அரபு. வழக்காடும்போது வேண்டியிருக்கும் அரபு, எமது மையித்தின் அருகில் மட்டும் ஏன் உறுத்துகிறது?

இன்னொரு கொடுமை அடைப்புக்குறி. நாவலப்பிட்டியில் 'தாத்தா' என்றால் சிங்களப் பிள்ளைக்குத் தகப்பன். தோட்டத்துப் பிள்ளைக்குப் பாட்டன். எங்கள் பிள்ளைக்கு மூத்த சகோதரி. ஒரே தெருவில் ஒரே சொல்லுக்கு மூன்று பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உலகத்தில் எத்தனை ஊருக்கு இந்தப் பாக்கியம் வாய்த்திருக்கிறது? ஆனால் அதைக் கதையில் எழுதினால் பத்திரிகை ஆசிரியர் பக்கத்தில் 'அக்கா' என்று அடைப்புக்குறி போட்டுவிடுகிறார். அதைவிட மோசம், எழுதுகிறவரே முந்திக்கொண்டு போட்டு அனுப்புகிறார். யாழ்ப்பாணத்து எழுத்தாளர் தன் பேச்சுவழக்குக்கு எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. நாம் மட்டும் கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் இணைத்துக் கைகட்டி நிற்கிறோம்.

1572இல் வண்ணப் பரிமளப் புலவர் ஆயிர மசலா பாடியபோது தலைப்பிலேயே தமிழ் எண்ணையும் அரபுச் சொல்லையும் ஒட்டினார். கண்டியில் பிறந்த சித்திலெப்பை 1885இல் தன் நாவலுக்கு 'அசன்பேயுடைய சரித்திரம்' என்று பெயர் வைத்தார். அசன் அரபு, பே துருக்கி, உடைய தமிழ். ஒரே சொல்லில் மூன்று மொழிகள். தமிழின் ஆரம்ப நாவல்களில் ஒன்று அது. தமிழைச் சரியாக எழுத்தில் கொண்டுவரவென்றே அரபு எழுத்துக்களுக்குப் புள்ளிகள் சேர்த்துப் புதிய எழுத்துக்களை ஆக்கி, அரபுத்தமிழில் நூல்கள் எழுதியவர்கள் எமது ஆலிம்கள். அவர்களைவிடவா இன்றைய துண்டுப்பிரசுரக்காரர்களுக்கு அரபின்மேல் காதல்?

2019 ஏப்ரல் தாக்குதல்களுக்குப் பின் இந்நாட்டில் அரபுப் பெயர்ப்பலகைகள் அழுத்தத்தினாலும் அச்சத்தினாலும் கழற்றப்பட்டன. எழுத்தின் பூர்வீகத்தை வைத்து அதைக் குற்றவாளியாக்கினார்கள். எமக்கு நெஞ்சு எரிந்தது, எரிய வேண்டியதுதான். ஆனால் அதே விசாரணையை அதே கேள்வியோடு நாம் நோன்பின்மீதும் பெருநாளின்மீதும் நடத்திக்கொண்டிருக்கிறோம். அதைச் சொன்னால் மட்டும் எம்மவருக்குக் கோபம் வருகிறது.

இச்சஞ்சிகையில் எழுதுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். மலையகத்து முஸ்லிம் வீடுகளில் வயதான பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். பேறுகாலத்துக்கும், சுன்னத்துக் கலியாணத்துக்கும், மையித்து வீட்டுக்கும், சஹன் வைக்கும் விருந்துக்கும் அவர்களிடம் தனித்தனியே சொற்கள் இருக்கின்றன. ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள். சொல், அதைச் சொன்னவரின் ஊர், எந்தச் சந்தர்ப்பத்தில் சொன்னார் என்பது போதும். வேரைப் பிறகு தேடலாம். இடையில் யாராவது வந்து திருத்தினால், திருத்தியதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த இதழுக்குக் கதை அனுப்பும்போது தாத்தாவுக்குப் பக்கத்தில் அடைப்புக்குறி போடாதீர்கள்.