‘குண்டக்கா’ என்று கூப்பிடாதீர்கள்



ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உடைந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மூன்று வருடத்துக்கு முன் செலாயாங்கில் ஒரு மண்டபத்தில் எங்கள் சொந்தத்தில் கல்யாணம். என் பெரியம்மா மகளும் வந்திருந்தார். எடை 130 கிலோவுக்கு மேல். அவர் உட்கார்ந்ததும் நாற்காலியின் கால் முறிந்து, தரையில் விழுந்தார். தூக்கிவிட ஓடியவர்கள் நான்கு பேர். சிரித்தவர்கள் நாற்பது பேருக்குக் குறையாது. ஒரு பையன் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்ப, அன்று ராத்திரிக்குள் அது கிள்ளான் வரைக்கும் போய்விட்டது.

அடிபட்டது என்னவோ இடுப்பில்தான். ஆனால் அதற்குப் பிறகு அக்கா கல்யாணம், காதுகுத்து, துக்க வீடு எதற்கும் வரவில்லை. பத்துமலை அவர் வீட்டிலிருந்து கிட்டத்தில்தான். 272 படி ஏற முடியாது என்றாலும் தைப்பூசத்துக்குக் கீழே நின்றாவது கும்பிட்டு வருவார். அதையும் விட்டுவிட்டார். கிளினிக்குக்குப் போவதும் நின்றது. அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரு தடவை எடை பார்க்கப் போன இடத்தில் தராசு முள் கடைசி வரை போய் நின்றுவிட, அங்கே இருந்த தாதி, “உங்களை லோரி நிறுக்கிற எடத்துலதான் நிறுக்கணும்” என்று வரிசையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாராம். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. இப்படிப் பேசுகிற வாய் எல்லா இடத்திலும் இருக்கிறது.

அக்காவுக்கு இனிப்புநீர் வியாதி. கால் விரலில் செருப்புக் கடித்த புண். “யார்கிட்ட போய்க் காட்டறது, மறுபடியும் அந்தத் தராசுல ஏறச் சொல்வாங்க” என்று துணியைச் சுற்றிக்கொண்டு வீட்டிலேயே இருந்தார். விரல் கறுத்து, காய்ச்சல் கண்ட பிறகுதான் மகன் தூக்கிக்கொண்டு ஓடினான். விரலை எடுத்துவிட்டார்கள். இனிப்புநீர் எடுத்த விரல் என்று ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எழுதியிருக்கும். நம்முடைய சிரிப்புக்கும் அதில் பங்கு உண்டு என்பது என் அபிப்பிராயம்.

“தின்னு தின்னு வளர்த்த உடம்பு, சோம்பேறி” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. சோம்பேறியா? இந்த அக்கா பதினெட்டு வருடம் கித்தா மரம் வெட்டியவர். விடியுமுன் எழுந்து, பிரட்டுக்கு நின்று, மேட்டிலும் பள்ளத்திலும் ஐந்நூறு மரத்துக்குக் குறையாமல் வெட்டி, பால் வாளியைச் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர். அப்போது அவர் உடம்பு மூங்கில் கம்பு மாதிரி. லயத்தில் மூன்று வேளையும் சோறுதான், தேத்தண்ணியில் திட்டமாகச் சீனிதான். ஆனால் தின்றதெல்லாம் தீம்பாரிலேயே கரைந்துவிடும்.

பிறகு தோட்டம் வீடமைப்புக்குப் போனது. செலாயாங்கில் லிஃப்ட் இல்லாத அடுக்குமாடியில் நாலாவது மாடி. கார் நிறுத்துமிடத்தில் டிக்கெட் கொடுக்கும் வேலை, ஒரு நாற்காலியில் 12 மணி நேரம், பாதி நாள் இரவு முறை. தூக்கம் வராமலிருக்கக் கட்டிப்பால் ஊற்றிய தே தாரிக், பசிக்கு ரொட்டி சானாய். பாசார் போரோங் பக்கத்திலேயே இருக்கிறதே, கீரை வாங்கக்கூடாதா என்பீர்கள். 12 மணி நேரம் உட்கார்ந்து வீடு திரும்புகிறவள் எப்போது கீரை ஆய்வது? எடை ஏற ஏற முட்டி வலி. முட்டி வலித்தால் படி இறங்க மனம் வராது. படி இறங்காவிட்டால் எடை இன்னும் ஏறும். தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்த எத்தனை குடும்பத்தில் இதே கதை, எண்ணிப் பாருங்கள்.

இது அக்கா ஒருவர் கதை அல்ல. 2019-இல் சுகாதார அமைச்சு நாடு முழுக்க எடுத்த ஆய்வில், பெரியவர்களில் நூற்றுக்கு 50 பேர் எடை கூடியவர்கள் அல்லது உடல் பருமன் உள்ளவர்கள். இந்தியர்களில் நூற்றுக்கு 64 பேர். 2023 ஆய்வில் நாட்டின் கணக்கு 54-ஐத் தாண்டிவிட்டது. ஆக, மண்டபத்தில் சிரித்த நாற்பது பேரில் பாதிக்கு மேல் அதே பாதையில்தான் நடந்துகொண்டிருந்தார்கள். ஐந்தடி உயரமுள்ள பெண் 53 கிலோவைத் தாண்டினாலே கவனிக்க வேண்டும் என்பது நம் நாட்டு மருத்துவர்களின் கணக்கு. 64-க்கு வந்தால் பருமன். அதற்கும் வெகுவாக மேலே போனால் கடுமையான பருமன், அதற்குச் சாதாரணப் பத்தியம் மட்டும் போதாது.

ஏன் போதாது? வைராக்கியம் இருந்தால் குறைக்கலாமே என்று நானும் ஒரு காலத்தில் அறிவுரை சொன்னவன்தான். உடம்பில் உள்ள கொழுப்பே மூளைக்குச் சேதி அனுப்புகிறது, “கையிருப்பு இருக்கிறது, போதும்” என்று. அந்தச் சேதியைக் கொண்டுபோகும் சுரப்பை 1994-இல் கண்டுபிடித்து லெப்டின் என்று பெயர் வைத்தார்கள். பிறவியிலேயே அது சுரக்காத இரண்டு பிள்ளைகளைப் பற்றி 1997-இல் இங்கிலாந்து மருத்துவர்கள் எழுதினார்கள். அதில் ஒரு சிறுமிக்கு வயது 8, எடை 86 கிலோ. எவ்வளவு தின்றாலும் பசி அடங்காது. அந்தச் சுரப்பை ஊசியாகப் போட்ட பிறகு பசி அடங்கியது, எடை இறங்கியது. அந்தப் பிள்ளைக்கு இல்லாமலிருந்தது வைராக்கியமா?

அப்படிப்பட்ட பிள்ளைகள் உலகத்திலேயே அபூர்வம். அக்காவுக்கு அந்தக் குறை கிடையாது. ஆனால் யார் உடம்பானாலும், ஏறிய எடையைச் சுலபத்தில் விட்டுக்கொடுக்காது. வரும்படி குறைந்தால் செலவை இறுக்கிப் பிடிக்கிற கிராணி மாதிரி, சாப்பாடு குறைந்ததும் உடம்பு சக்திச் செலவைக் குறைத்துக்கொண்டு, பசியைக் கூட்டிவிடும். பட்டினி கிடந்து பத்துக் கிலோ குறைத்தவர்கள் மறு தீபாவளிக்குள் பன்னிரண்டு கிலோ ஏறி நிற்பது இதனால்தான். இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவைச் சிகிச்சை இருக்கிறது. பசியை அடக்கும் புது ஊசிகளும் வந்திருக்கின்றன. ஆனால் மாதத்துக்குப் பல நூறு வெள்ளி, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வரும். நம் சம்பளத்துக்கு அது எட்டாக்கனி என்பதை மறைக்க விரும்பவில்லை.

சிரிப்பதற்கு நம்மைப் பழக்கியதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு. நடிகரின் பெயருக்கு முன்னாலேயே ‘குண்டு’ என்று ஒட்டிவிடுவார்கள், பட்டம் மாதிரி. பிந்து கோஷை ஞாபகம் இருக்கிறதா? 1982-இல் ‘கோழி கூவுது’ வந்த காலத்திலிருந்து அவர் திரையில் தலைகாட்டினாலே போதும், கொட்டகை சிரிக்கும். அவர் முறையாக நடனம் பழகியவர், நடனம் அமைத்துக் கொடுத்தவர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? நம் கண்ணுக்குத் தெரிந்தது உடம்பு ஒன்றுதான். கடைசிக் காலத்தில் நோயில் எலும்பும் தோலுமாக மெலிந்து, மருந்துக்குப் பிறர் உதவியை எதிர்பார்த்து, 2025 மார்ச்சில் காலமானார்.

உடம்பு பெருத்த சகோதர சகோதரிகளே, உங்களுக்கும் கொஞ்சம். எடை பார்க்கும்போது, “மறைவா பாருங்க, எழுதிக்குங்க, சத்தமா சொல்லாதீங்க” என்று கேளுங்கள். இரத்தக் கொதிப்பு பார்க்கும் பட்டை கைக்கு இறுக்கமாக இருந்தால் பெரிய பட்டை கேளுங்கள். சின்னப் பட்டை கொதிப்பை இல்லாததற்குக் கூட்டிக் காட்டும், வீணாக மாத்திரை ஏறும். மூங்கில் கம்பாக மாற வேண்டியதில்லை. 130 கிலோ உள்ளவர் ஆறேழு கிலோ குறைத்தாலே இனிப்புநீருக்கும் கொதிப்புக்கும் முட்டிக்கும் நல்லது. கட்டிப்பாலில் கை வையுங்கள் முதலில். காலில் சின்னப் புண் என்றாலும் அன்றைக்கே காட்டுங்கள். யார் என்ன சொன்னாலும் காட்டுங்கள்.

போன மாதம் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம். அக்கா வரமாட்டேன் என்றுதான் சொன்னார். நானும் என் மகனும் தச்சர் வீட்டிலிருந்து ஒரு மர பெஞ்சு கொண்டுவந்து முன் வரிசையில் போட்டுவிட்டு, போய்க் கூட்டி வந்தோம். படி இறங்க அரை மணி நேரம் ஆனது. வந்து உட்கார்ந்து, பசியாறி, பிள்ளைகளோடு பேசிக்கொண்டிருந்தார். மாதா மாதம் கிளினிக்குக்குப் போகிறாராம். எடை எவ்வளவு என்று நான் கேட்கவில்லை.