வேப்ப மரம் கருகுகிறதா? வெட்டும் முன் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள்

மழைக்காலம் வந்தால் வேப்ப மரங்கள் தீயில் வாட்டியதுபோல் கருகி நிற்பது கடந்த சில ஆண்டுகளாகத் தொடர்கிறது. 2021-ல் தெலங்கானாவில் இது பெரிய அளவில் பரவியது. தமிழகத்திலும் பல மாவட்டங்களில் காணப்பட்டது. செஞ்சி, பனமலை பக்கம் உங்கள் வரப்பிலோ வாசலிலோ மரம் இப்படி நின்றால், பட்டுப்போனது என்று அவசரப்பட்டு விறகுக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

இது நுனிக்கருகல் நோய். ‘போமாப்சிஸ் அசாடிராக்டே’ என்ற பூஞ்சாணம்தான் காரணம். நம் நாட்டில் 1990-களிலேயே கண்டறியப்பட்டது. புதிய நோய் அல்ல. தேயிலைக் கொசு என்னும் நாவாய்ப்பூச்சி இளந்தளிரில் சாறு உறிஞ்சுவதாலும் நுனி கருகும். அந்தக் காயத்தின் வழியே பூஞ்சாணமும் எளிதாக நுழைகிறது. ஈரக்காற்றும் மழைச்சாரலும் அதைப் பரப்புகின்றன.

எப்படிக் கண்டுபிடிப்பது?

மாசி, பங்குனியில் இலை மஞ்சளாகி உதிர்ந்து, பின்னாலேயே செந்தளிர் வந்தால் அது இயல்பான இலையுதிர்வு. ஐப்பசி, கார்த்திகையில் கிளை நுனியிலிருந்து பழுப்பாகி, இலை உதிராமல் காய்ந்து தொங்கினால் அது நோய்.

கருகிய கிளைக்குக் கீழே நகத்தால் பட்டையைச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் மரம் உயிரோடு இருக்கிறது. இப்படிப்பட்ட பெரிய மரங்கள் பெரும்பாலும் வெயில் வந்ததும் மீண்டும் துளிர்க்கும்.

என்ன செய்யலாம்?

• மழை ஓய்ந்தபின், கருகிய கிளையை அரை அடி பச்சைப் பகுதியோடு சேர்த்து வெட்டி எரித்துவிடுங்கள். வெட்டுவாயில் போர்டோ பசை தடவுங்கள்.

• கன்றுகளுக்கு லிட்டர் தண்ணீருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் கலந்து தெளிக்கலாம். தெளித்த கன்றின் தழையை ஆட்டுக்கோ கைமருந்துக்கோ பறிக்காதீர்கள்.

• பெரிய மரத்துக்கு மருந்தடிப்பது கட்டுப்படியாகாது. வீடு, கிணறு அருகில் அது ஆபத்தும்கூட.

• விதை மூலமும் நோய் பரவும். நாற்று விட நோயில்லாத மரத்து விதையையே எடுங்கள்.

ஏன் கவலைப்பட வேண்டும்?

நோய் பூங்கொத்தையும் தாக்குவதால் காய்ப்பு குறையும். வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதவீதம் தயாரிக்க 100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ பருப்பு வேண்டும். கொட்டை பொறுக்கி விற்பவர்களுக்கு வருமானம் போகும். கரைசல் அடிப்பவர்கள் கடை மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டிவரும். ஒரு மரத்தை வெட்டினால், புதுக்கன்று நன்றாகக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும்.

பங்குனி கடைசிவரை பொறுத்துப் பாருங்கள். அதற்குப் பிறகும் துளிர்க்காமல், அடிமரப் பட்டையும் உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் வெட்டுவதைப் பற்றி யோசியுங்கள். சந்தேகம் இருந்தால் கருகிய கிளை ஒன்றைத் திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டுங்கள். கிசான் கால் சென்டரின் 1800 180 1551 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.