தோல் செல் நரம்பைக் காப்பாற்றுமா?

"தோல்லேருந்து செல் எடுத்து நரம்பைச் சரி பண்ணிடலாமாமே டாக்டர்... நிலத்தை வித்தாவது பண்ணிக்கலாமா?" என்று கேட்கிறார்கள். சித்த வைத்தியரிடம் கேட்கிற கேள்வியா இது என்று நினைக்காதீர்கள். நம்பிக் கேட்பவருக்கு உண்மையைச் சொல்வது எந்த வைத்தியருக்கும் கடமைதான்.

கரன்ட் ஒயருக்கு மேலே பிளாஸ்டிக் உறை இருக்கிறதல்லவா? அதுபோல நரம்பு இழைக்கும் ஒரு கொழுப்பு உறை உண்டு. அதன் பெயர் மயலின். மல்டிபிள் ஸ்க்லரோசிஸ் நோயில் நம் எதிர்ப்புச் சக்தியே இந்த உறையைத் தாக்கி அழிக்கிறது. பார்வை மங்கும், கை கால் மரத்துப் போகும், நடை தள்ளாடும்.

2006-ல் ஜப்பானிய விஞ்ஞானி ஷின்யா யமனாகா, எலியின் சாதாரண செல்லுக்குள் நான்கு ஜீன்களைச் செலுத்தி, அதைக் கருவின் செல் போல மாற்றிக் காட்டினார். 2012-ல் நோபல் பரிசும் கிடைத்தது. 2013-ல் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் இன்னொரு படி போயின. தோல் போன்ற திசுக்களில் இருக்கும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்லை, மயலின் உண்டாக்கும் செல்லாக நேரடியாகவே மாற்றின. பிறவியிலேயே மயலின் குறைந்த எலிகளுக்குள் அதைச் செலுத்தியபோது புது உறை உண்டானது!

அதிசயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது எலி! மாற்றிய செல் கட்டியாக வளர்ந்துவிடக் கூடாது. தவிர, எதிர்ப்புச் சக்தியின் தாக்குதலை நிறுத்தாமல் புது உறை போட்டால் அதுவும் அரிபடாதா? ஓட்டையை அடைக்காத குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். அந்தத் தாக்குதலை அடக்கத்தான் நரம்பியல் நிபுணர் மருந்து தருகிறார். அதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

ரத்த நோய்கள் போன்ற நிரூபணமான சில சிகிச்சைகள் தவிர, ஒப்புதல் பெற்ற ஆய்வுக்கு வெளியே ஸ்டெம் செல் செலுத்துவது முறைகேடு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017-லேயே சொல்லிவிட்டது. எனவே யாராவது பல லட்சம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். எண்ணெய் தடவினால் மயலின் வளரும் என்று எங்கள் ஆளே சொன்னாலும் அப்படித்தான்!

கை கால் மரத்தாலே இந்த நோய்தான் என்று பயப்படவும் வேண்டாம். சர்க்கரை நோயாலும் மரக்கும். பி12 வைட்டமின் குறைந்தாலும் மயலின் கெடும். அதை ரத்தப் பரிசோதனையில் சீக்கிரமே கண்டுபிடித்தால் ஊசி, மாத்திரையிலேயே குணமாக்கலாம். முதலில் அதைப் பாருங்கள்.