எந்த வேதம் பழுதற்றது?

சிங்கப்பூரின் கிழக்குக் கரையில் பிடோக் என்னும் வட்டாரம் உளது. ஒரு காலத்தில் கடலோரக் கம்பமாயிருந்து, இன்று அடுக்குமாடி வீடுகள் நிறைந்த பெருநகராய் விளங்குவது. மெதடிஸ்டு, லுத்தரன், சகோதரர் சபை எனப் பல பெயர் தாங்கிய கிறிஸ்தவ ஆலயங்கள் அங்கே உண்டு. தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. அத்தகைய வீடொன்றில் பாட்டியார் கையில் பழைய தமிழ் வேதாகமம் இருக்கும். பேரன் கையில் ஆங்கில வேதாகமம் இருக்கும். நடுவே 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பும் இருக்கக்கூடும். மூன்றையும் விரித்து ஒப்பிட்டுப் பார்த்தால் சில இடங்களில் ஒன்றிலுள்ள வாசகம் மற்றொன்றில் இராது. இவற்றுள் எது பழுதற்ற வேதம் என்று பேரன் கேட்டால் விடை சொல்ல வேண்டியவர் யார்? அவர் சொல்லும் விடை யாது? இதுவே நாம் இங்கு ஆராயப் புகுந்த விஷயமாகும்.

பழைமையில் உறுதியாய் நிற்கும் சுவிசேஷ சபைகள் தம்மிடம் சேர வருவோர் முன்பு ஒரு விசுவாசப் பிரமாணத்தை வைக்கின்றன. வேதாகமம் தெய்வத்தால் அருளப்பட்டது, மூலத்தில் பிழையற்றது. மனிதர் யாவரும் பாவிகள். கிறிஸ்து கன்னியினிடத்துப் பிறந்து, பாவிகளுக்குப் பதிலாக மரித்து, சரீரத்தோடு உயிர்த்தெழுந்தார். இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமே கிடைப்பது. அவர் மீண்டும் வருவார் என்பன அப்பிரமாணத்தின் சாரம். இவற்றுட் சிலவற்றை 1910இல் அமெரிக்கப் பிரஸ்பிட்டேரியன் சபையின் பொதுப் பேரவை ஐந்து அத்தியாவசியக் கொள்கைகளாக வகுத்தது. அவ்வாண்டு முதல் 1915 வரை, எண்ணெய் வியாபாரத்தில் பெரும்பொருள் ஈட்டிய ஸ்டூவர்ட் சகோதரர்கள், இக்கொள்கைகளை விளக்கும் 12 தொகுதிகளை அச்சிட்டு இலவசமாய் வழங்கச் செய்தனர்.

கன்னிப் பிறப்பையும் உயிர்த்தெழுதலையும் குறித்து நாம் இங்கு வாதாட வரவில்லை. அவை விசுவாசிப்போர் மனத்தைப் பொறுத்தவை. முதலிற் சொன்ன வேதாகமப் பிழையின்மையே நம் விஷயம். ஏனெனில், மற்றக் கொள்கைகள் யாவும் அதன் மேலேயே கட்டப்பட்டுள்ளன. அந்த அஸ்திவாரமோ, தமிழன் கைக்கு எட்டாத இடத்தில் இடப்பட்டிருக்கிறது.

இது நம் கற்பனையன்று. சிங்கப்பூர் நியாயஸ்தலத்திலேயே வெளிப்பட்ட சங்கதி. திமொத்தி டோ என்னும் சீனப் போதகர், அமெரிக்க அடிப்படைவாதியான கார்ல் மாக்கின்டயரின் போதனையால் ஈர்க்கப்பட்டு, 1950இல் சிங்கப்பூரில் ஓர் ஆங்கில ஆராதனையைத் தொடங்கினார். அது பின்னர்த் தனித்துப் பிரிந்து லைப் பைபிள்-பிரஸ்பிட்டேரியன் சபையாயிற்று. 1962இல் போதகர்களைப் பயிற்றத் தூரக்கிழக்கு வேதாகமக் கல்லூரியையும் அவர் நிறுவினார். சபையும் கல்லூரியும் கில்ஸ்டெட் ரோட்டில் ஒரே வளாகத்தில் வாழ்ந்தன. பின்னர்க் கல்லூரியார், மூல ஏடுகள் மட்டுமன்றி, 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்துக்கு ஆதாரமான எபிரெய, கிரேக்கப் பாடங்களும் சொல்லுக்குச் சொல் பழுதின்றித் தெய்வத்தாற் காக்கப்பட்டன என்று போதிக்கத் தொடங்கினர். சபையாரோ, பிழையின்மை மூல ஏடுகளுக்கே உரியது. கல்லூரியார் சொல்வது பிரமாணத்தினின்றும் விலகிய புதுக்கொள்கை என்றனர். 2008இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. 2010இல் உயர்நீதிமன்றம் சபையின் பக்கம் தீர்த்தது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றி, அப்போதனை பிரமாணத்துக்கு முரணானதன்று, கல்லூரி அவ்விடத்தைப் பயன்படுத்தலாம் என்றது. அப்போதனை மெய்யா என்பதைத் தீர்ப்பது தன் வேலையன்று என்றும் நீதிபதிகள் விலகிக்கொண்டனர்.

அன்பர்களே! இரு கட்சியாரும் வேதாகமத்தை உயிரினும் மேலாகப் போற்றுவோர். இருவரும் ஒரே பிரமாணத்தை ஒப்புக்கொண்டோர். ஒருவர் சொல்லும் பழுதற்ற வேதம் மூல ஏடுகளிலிருந்தது. அந்த ஏடுகளோ இன்று உலகில் எங்கும் இல்லை. மற்றவர் சொல்லும் பழுதற்ற வேதம் எபிரெயத்திலும் கிரேக்கத்திலும் உள்ளது. அவற்றைப் படிக்க வல்ல தமிழர் எத்தனை பேர்? ஆக, வழக்கில் எவர் வென்றாலும், பிடோக்கிலுள்ள பாட்டியாரின் மடியிற் கிடக்கும் தமிழ்ப் புத்தகம் பழுதற்றது என்று சொல்வார் இல்லை. அவரைக் கையொப்பமிடச் சொல்வதோ பழுதற்ற வேதத்தை நம்புகிறேன் என்று!

நிற்க. அந்தத் தமிழ்ப் புத்தகத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். பின்வந்த பப்ரிசியுஸ் பல்லாண்டு உழைத்து வேறொரு மொழிபெயர்ப்புச் செய்தார். அதை லுத்தரன் சபையார் நெடுங்காலம் விடாது பற்றியிருந்தனர். யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்த மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர், திருநீறணிந்த சைவராகிய ஆறுமுக நாவலர். அது 1850இல் சோதனைப் பதிப்பாக வெளிவந்து, சபைகளால் ஏற்கப்படாது போயிற்று. பின்பு ஹென்றி பவர் தலைமையிற் கூடிய குழுவினர் ஆக்கிய ஐக்கிய மொழிபெயர்ப்பு 1871இல் முழுமையாய் வெளிவந்தது. பாட்டியார் கையிலிருப்பது பெரும்பாலும் அதன் வழிவந்ததே. 1936இல் லார்சன் முதலியோர் அதைத் திருத்தி வெளியிட்டபோது, பழைய நடையில் ஊறிய சபையார் பலர் அதை ஏற்க மறுத்தனர்.

இம்மொழிபெயர்ப்புகளில் கடவுளின் பெயர்தானும் ஒன்றாயிருந்ததா? சீகன்பால்கு காலத்திற் சருவேசுரன். பப்ரிசியுஸ் கையிற் பராபரன். பவர் குழுவினர்க்குத் தேவன். லார்சனுக்கும் பொது மொழிபெயர்ப்பாளர்க்கும் கடவுள். ஒவ்வொரு மாற்றத்தின்போதும் பழைய சொல்லே புனிதம் என்று வாதாடினோர் இருந்தனர். அச்சொல்லும் அதற்கு முன் ஒரு குழுவினர் மேசையைச் சுற்றி அமர்ந்து தெரிந்தெடுத்த சொல்லே என்பதை அவர்கள் மறந்தனர். இதைச் சொல்வதால் அம்மொழிபெயர்ப்பாளரின் பெருமை குறைவதில்லை. அவர்கள் மனிதர், உழைத்தார்கள், தம்மால் இயன்ற மட்டும் செய்தார்கள். நாம் கேட்பதெல்லாம், அதை மனித உழைப்பு என்று சபையார் முன் வெளிப்படையாய்ச் சொல்லுங்கள் என்பதே.

இனி, கிரேக்கப் பாடத்தை நோக்குவோம். எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் 1516இல் பாசெல் நகரில் தம் கைக்குக் கிடைத்த சில ஏடுகளைக் கொண்டு கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். வெளிப்படுத்தின விசேஷத்துக்கு அவரிடமிருந்த ஏட்டிற் கடைசித் தாள் இல்லை. ஆகவே, இறுதி வசனங்களை லத்தீனிலிருந்து கிரேக்கத்துக்கு அவரே திருப்பியெழுதினார். பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி ஆகிய மூவரும் ஒன்றென்று யோவானின் முதல் நிருபம் 5ஆம் அதிகாரத்தில் வரும் வாசகம் அவருடைய முதல் இரண்டு பதிப்புகளில் இல்லை. பலர் கண்டித்தபின் 1522இல் வந்த மூன்றாம் பதிப்பிற் சேர்ந்தது. 1611ஆம் ஆண்டு ஆங்கிலத்திலும் நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பிலும் அவ்வாசகம் உண்டு. 1995ஆம் ஆண்டுப் பொது மொழிபெயர்ப்பின் பாடத்தில் இல்லை. பிடோக்கிலுள்ள பேரன் இவ்வேற்றுமையைக் கண்டு கேட்டால், அவன் கேட்பது நாத்திகமன்று. எராஸ்மஸ் காலத்திலேயே எழுந்த கேள்வி.

“ஓரெழுத்தைச் சந்தேகித்தால் முழுவதும் போய்விடுமே!” என்று சிலர் அஞ்சுவர். தமிழர்க்கு இவ்வச்சம் வேண்டுவதில்லை. பாடபேதம் என்பது நாம் அறியாத பொருளன்று. குறளுக்கு உரை கண்ட பரிமேலழகர் பிறர் கொண்ட பாடங்களை எடுத்துக் காட்டித் தம் கருத்தைச் சொல்கிறார். உ. வே. சாமிநாதையர் ஊரூராய் அலைந்து ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கிச் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்தார். பாடபேதம் உண்டென்று அறிந்ததனால் வள்ளுவரைக் கைவிட்டவர் யார்? ஏடு எழுதுவோன் கை தவறக்கூடும் என்று அறிவது நூலைப் பழிப்பதாகாது. நூலைத் தேடிப் போற்றுவதற்கு அதுவே முதற்படி.

“மொழிபெயர்ப்பு முற்றும் பழுதற்றதன்று எனினும், இரட்சிப்புக்குப் போதுமானதே” என்று வேறு சிலர் விடையிறுப்பர். நன்று! அதையே நாமும் சொல்கிறோம். போதுமானது கையிலிருக்க, இல்லாத ஏடுகளின் பழுதின்மையைச் சபையில் சேருவோர்க்கெல்லாம் கட்டாயப் பிரமாணமாக வைப்பானேன்? அதன்பொருட்டு ஒரே வளாகத்தில் ஒன்றாய் வாழ்ந்தோர் ஆண்டுக்கணக்கில் நியாயஸ்தலத்தில் நிற்பானேன்?

இதில் உள்ள அபாயம் வேறு. படிக்க முடியாத மொழியிலே பழுதற்ற வேதம் இருக்குமானால், அம்மொழியைக் கற்றவரே அதன் காவலர் ஆவர். கல்லாத சபையார் அவர் வாயைப் பார்த்து நிற்க வேண்டும். இதைப் போன்றதொரு நிலையைத் தமிழ்நாடு முன்பே கண்டதுண்டு. வேதத்தைக் கேட்ட சூத்திரன் காதில் உருக்கிய ஈயத்தையும் அரக்கையும் ஊற்றச் சொன்னது கௌதம தர்மசூத்திரம். சுவிசேஷ சபையார் அத்தகைய கொடுமை எதையும் செய்பவரல்லர். எல்லோரும் வேதத்தைப் படியுங்கள் என்றே சொல்பவர். ஆனால், படித்தவன் கேள்வி கேட்டால் “மூலம் வேறு, நீ அறியாய்” என்று வாயடைப்பாரேயானால், ஒரு கையாற் கொடுத்ததை மறுகையாற் பறித்தவராவர். புரோகிதம் பூணூல் அணிந்துதான் வர வேண்டுமென்பதில்லை; கிரேக்க அகராதியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் வரும்.

இச்சபைகள் யாருடைய வழியினர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். லூத்தர் 1522இல் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் வெளியிட்டது, உழவனும் தையற்காரனும் குருவின் தயவின்றிப் படிப்பதற்காக. டின்டேல் அதை ஆங்கிலத்தில் ஆக்கினார். 1536இல் கழுத்தை நெரித்துக் கொன்று அவர் உடலை எரித்தனர். 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தின் சொற்களிற் பெரும்பகுதி அவர் தந்தவை. 1854இல் இலங்கையின் காப்பித் தோட்டங்களில் தமிழ்க் கூலிகளுக்கென்று தொடங்கிய மிஷன் ஊழியமும் தமிழிலேயே நடந்தது. கங்காணியின் பேரேட்டில் ஒரு பெயராக மட்டும் இருந்தவனும் ஒரு நூலைத் தன் மொழியிற் கேட்டுப் பொருள் ஆராயலாம் என்ற நிலை பெரிய மாறுதலன்றோ? அதன் பலம் தாய்மொழியில் இருந்தது. கிரேக்க எழுத்தில் இருக்கவில்லை.

வழக்கிட்ட இரு கட்சியாரும் ஒப்புக்கொண்ட 1646ஆம் ஆண்டு வெஸ்ட்மின்ஸ்டர் பிரமாணமே நமக்குச் சாட்சி. அதன் முதல் அதிகாரம், எட்டாம் பிரிவு, மூலமொழி வேதம் எக்காலத்தும் தெய்வத்தாற் காக்கப்பட்டது என்கிறது. நியாயஸ்தலத்தில் எழுந்த வாதமெல்லாம் இப்பாதியைப் பற்றியதே. அதே பிரிவின் மறுபாதியோ, அம்மொழிகளை யாவரும் அறியாராதலாலும், வேதத்தைப் படித்து ஆராயும் உரிமை யாவர்க்கும் உண்டாதலாலும், ஒவ்வொரு நாட்டாரின் வழக்குமொழியிலும் அதைப் பெயர்க்க வேண்டும் என்கிறது. முதற்பாதிக்காக மூன்று நீதிபதிகள் முன் நின்றோர், மறுபாதிக்காகத் தமிழ்ச் சபைகளில் எத்தனை நாள் செலவிட்டனர் என்பதைத் தாமே கணக்கிட்டுக் கொள்வார்களாக.

ஆதலின், பிடோக்கிலும் சிராங்கூன் ரோட்டையடுத்த தெருக்களிலும் தோட்டப்புறங்களிலும் தமிழ் மக்களுக்கு வேதம் போதிப்போர்க்கு நாம் சொல்வது இதுவே. உங்கள் விசுவாசப் பிரமாணத்தைத் தமிழர்க்குத் தமிழிலேயே கொடுங்கள். மூல ஏடுகள் இன்று இல்லை என்பதை அதில் மறைக்காமல் எழுதுங்கள். கையிலிருக்கும் தமிழ் வேதாகமம் எவரால், எப்போது, எப்படி ஆக்கப்பட்டது என்பதை ஞாயிறு பள்ளியிற் பிள்ளைகளுக்குக் கற்பியுங்கள். இரண்டு மொழிபெயர்ப்புகளை ஒப்பிட்டு ஓர் இளைஞன் ஐயம் எழுப்பினால், அவனை விசுவாசத்தில் தளர்ந்தவன் என்று பட்டியலிடாமல், உடனிருந்து தேடுங்கள். அவன் அறிந்து ஏற்கலாம், அறிந்து மறுக்கவுங்கூடும். இரண்டும் அவன் உரிமை.

சபையாராகிய அன்பர்களுக்கும் ஒரு வார்த்தை. கையொப்பமிடும் முன் படியுங்கள், விளங்காததைக் கேளுங்கள். உங்கள் முன்னோர் எழுத்தறிவுக்குக் கொடுத்த விலை பெரிது. அதைப் பயன்படுத்தாது, கற்றவர் சொன்னார் என்று தலையசைப்பீர்களாயின், எந்த வேதம் பழுதற்றதாயிருந்து உங்களுக்கு என்ன பயன்?