காதுக்கு ஒரு பரீட்சை

நமது நண்பர் ஒருவர் பிராவிடண்ட் பண்டிலிருந்து கடன் எடுத்து ஓர் ஆம்ப்ளிபையர் வாங்கினார். பழையது பழுதாகிவிடவில்லை, புதியதன் விலை அதைப்போல் ஆறு மடங்கு, அவ்வளவுதான். "வீணையின் கமகம் இன்றைக்குத்தான் ஸார் காதில் விழுகிறது!" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. காதில் விழத்தான் விழுந்தது. விழச் செய்தது யந்திரமா, விலைச் சீட்டா என்பதே நமது சந்தேகம்.

இந்தச் சந்தேகம் தொழில் காரணமாக வந்தது. விடைத்தாளின் மேல் கெட்டிக்காரப் பையனின் பெயரைக் கண்டால், அவன் செய்த பிழை நமக்குக் கைத்தவறாகத் தோன்றுகிறது. மக்குப் பையன் செய்தால் அதே பிழை அறியாமையாகி விடுகிறது. இருபது வருஷம் உபாத்திமைத் தொழில் செய்தும் இந்தப் பழக்கம் நம்மை விட்டபாடில்லை. பொதுப் பரீட்சையில் பெயரை மறைத்துத் திருத்தச் சொல்வது சும்மா அல்ல.

ஆம்ப்ளிபையர்களுக்கும் இவ்விதம் பெயரை மறைத்துப் பரீட்சை நடத்தியிருக்கிறார்கள். 1978-ல் இங்கிலாந்தில் குவாட் கம்பெனியின் பழைய வால்வு ஆம்ப்ளிபையரையும், பின்னால் வந்த இரண்டு டிரான்ஸிஸ்டர் ஆம்ப்ளிபையர்களையும் கேட்ட அநுபவஸ்தர்களால் இன்னது இன்னதென்று பிரித்தறிய முடியவில்லை. 1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' பத்திரிகை வெளியிட்ட சோதனை இன்னும் ரஸமானது. சுமார் 220 டாலர் ரிஸீவர் முதல் 12,000 டாலர் வால்வு ஜோடி வரையில் அதில் போட்டியிட்டன. வித்தியாசம் உண்டென்று நம்பியவர்களும் நம்பாதவர்களுமாக 25 பேர் கேட்டார்கள். மொத்தத்தில் ஏறக்குறையப் பாதி விடைகள்தான் சரி. காசைச் சுண்டிப் போட்டுப் பார்த்திருந்தாலும் அவ்வளவு தேறியிருக்கும்!

இதில் முக்கியமான சூட்சுமம் ஒன்று உண்டு. இரண்டு யந்திரங்களின் ஒலியளவும் ஒரு டெஸிபெலில் பத்தில் ஒரு பங்குக்குள் ஒத்திருக்க வேண்டும். கொஞ்சம் உரப்பாக ஒலிப்பது நமக்கு உரப்பாகத் தோன்றாது, தெளிவாகத் தோன்றும். கடைகளில் ஏமாறுவது பெரும்பாலும் இந்த இடத்திலேதான்.

அதற்காக எல்லா ஆம்ப்ளிபையரும் ஒன்றே என்று யாரும் சாதிக்க வேண்டாம். சக்திக்கு மீறி முடுக்கினால் சிறிய யந்திரம் கரகரக்கும். சில வால்வு யந்திரங்கள் ஸ்பீக்கருக்கு ஸ்பீக்கர் குணம் மாறுவதும் உண்மை. பரீட்சை என்றால் காது பதறிப் போகிறது என்று ஆட்சேபிப்பவர்களும் உண்டு. பதற்றத்துக்கு மருந்து, சொந்த வீட்டில் சாவகாசமாகக் கேட்பதுதானே?

நண்பர் வீட்டில் அதையே செய்தோம். பள்ளிக்கூடத்து மல்டிமீட்டரை இரவல் வாங்கி ஒலியளவைச் சரிப்படுத்தினோம். வீட்டு அம்மாள் திரைக்குப் பின்னால் காசு சுண்டி, விழுந்தபடி கம்பியை மாற்றினார். பதினாறு தடவை. பன்னிரண்டு சரியாக இருந்தால் காது வென்றதென்று முன்னதாகவே ஒப்பந்தம்; வெறும் அதிர்ஷ்டத்தால் அவ்வளவு கிடைப்பது நூற்றுக்கு நான்குக்கும் குறைவு.

நண்பருக்குக் கிடைத்தது ஒன்பது.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு திரையை விலக்கிப் புதிய யந்திரத்தைப் பார்த்துக்கொண்டே அதே வீணையை இன்னொரு முறை கேட்டார். "இப்போது கேட்கிறதே ஸார்!" என்றார்.

கடைக்காரர் சாமானைத் திருப்பி எடுத்துக் கொள்ளக் கெடு ஏழு நாள். நாம் போனது எட்டாம் நாள். "நேற்றைக்கே வந்திருக்கக் கூடாதா?" என்று அம்மாள் நம்மைக் கேட்டார்.